070-ஐ 090 ஆக்கலாமா? பழைய பெரிய செயின்சாவை வீட்டிலேயே பிரித்துச் சேர்ப்பது பற்றி

ஆறுகாணி ரப்பர்

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளறடைப் பக்கம் ஒரு தடி டிப்போவை மூடும்போது பழைய ஸ்டில் 070 ஒன்று கைக்கு வந்தது. தீப்பொறிக்குப் பாயிண்ட், கண்டன்சர் உள்ள பழைய மாடல். கயிறை இழுத்தால் நல்ல இறுக்கம் இருக்கிறது, நாலைந்து இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் ஐடிலில் நிற்க மாட்டேன் என்கிறது. தானாக ஏறும், இறங்கும். பத்து நிமிடம் அறுத்த பிறகு அணைத்தால் சூடு ஆறும்வரை மறுபடி எடுக்காது.

வீட்டில் வெட்டிப் போட்ட அயினியும் பலாவும் கிடக்கின்றன. அதைப் பலகையாக அறுக்கத்தான் இதை வாங்கினேன். ஆன்லைனில் 66 மி.மீ. சிலிண்டர், பிஸ்டன் செட் கிடைக்கிறது, போட்டால் 090 ஆகிவிடும் என்கிறார்கள். கூடவே சைலன்சரையும் திறந்துவிடலாம் என்று எண்ணம். செய்தவர்கள் சொல்லுங்கள்.

சிற்றாறு

தம்பி, சிலிண்டர் ஆர்டர் போட்டிருந்தால் முதலில் கேன்சல் பண்ணுங்கள். நீங்கள் சொன்ன அறிகுறி இரண்டும் காற்றுக் கசிவைத்தான் காட்டுகின்றன. அதை அடைக்காமல் புது சிலிண்டர் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை நேராக மேலே போவதில்லை. முதலில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் கேஸுக்குள் வந்து, அங்கிருந்துதான் மேலே ஏறுகிறது. கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் கிடைக்கிற ஆயில் அந்தக் கலவையில் இருப்பது மட்டும்தான். கிராங்க் தண்டைச் சுற்றி இறுக்கி நிற்கிற ரப்பர் வளையமான சீல் காய்ந்துபோனால் அந்த இடுக்கு வழியாக வெறும் காற்று உள்ளே போகும். கலவை நீர்த்து, அதாவது காற்று கூடி பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, ஆயிலும் குறைந்து, ஒரு நாள் முழு லோடில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஐடில் ஏறி இறங்குவது அதற்கு முன்னால் மெஷின் கொடுக்கிற எச்சரிக்கை. 66 மி.மீ. பிஸ்டனைப் போட்டாலும் அதே சீல் வழியாக அதே காற்றுதான் போகும். இன்னும் விலை கூடிய பிஸ்டன் ஒன்று கருகும், அவ்வளவுதான்.

பழைய மெஷினை மீட்பது என்றால் எனக்கு முதலில் கசிவு, அப்புறம் இக்னிஷன், அப்புறம் கார்புரேட்டர். சக்தி கூட்டுவதெல்லாம் இவை மூன்றும் சரியாக இருப்பது உறுதியான பிறகு பேசவேண்டிய விஷயம்.

ஆறுகாணி ரப்பர்

சரி அண்ணா. கசிவை எப்படிப் பார்ப்பது? கடையில் கேட்டால் "பிரித்துப் பார்க்கணும்" என்கிறார்கள்.

சிற்றாறு

பிரிக்காமலே பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பிரித்துவிட்டால் எது கசிந்தது என்று பிறகு தெரியாது.

கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றுங்கள். பழைய லாரி ட்யூபில் இரண்டு துண்டு வெட்டி, சைலன்சர் இருந்த வாயை ஒரு துண்டு ரப்பரும் தகடும் வைத்து போல்ட் முறுக்கி அடையுங்கள். கார்புரேட்டர் இருந்த இடத்துக்கு இன்னொரு தகடு. அதன் நடுவில் ஓட்டை போட்டு சைக்கிள் வால்வு மாதிரி ஒரு சின்னக் குழாயைப் பிடிக்கவேண்டும். பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்துங்கள். 070-ல் பிஸ்டன் மேலே போனால்தான் இன்டேக் வழி கிராங்க் கேஸுக்குத் திறக்கும்.

காற்று அடிக்க, ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியின் ரப்பர் பந்தும் முள் மீட்டரும் போதும். 300 வரை ஏற்றினால் ஏறக்குறைய 0.4 பார். ஒர்க்ஷாப்பில் 0.5 பார் வைத்துப் பார்ப்பார்கள், இது அதற்கு அருகில்தான். முள் அப்படியே நின்றால் நல்லது. இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு பிளைவீல் பக்க சீல், கிளட்ச் பக்க சீல், சிலிண்டர் அடிப்பாகம், கிராங்க் கேஸ் இரண்டாகச் சேருகிற கோடு என்று வரிசையாகத் தடவுங்கள். குமிழி வருகிற இடம்தான். பிளைவீலைக் கழற்றாமல் அந்தப் பக்க சீல் கண்ணுக்குத் தெரியாது, புல்லர் போட்டு எடுங்கள். சுத்தியலால் தட்டினால் கிராங்க் முனையே போய்விடும்.

இன்னொன்று. அழுத்தத்தில் நிற்கிற சீல், உள்ளிழுக்கும்போது நிற்காது என்பதும் உண்டு. சீலின் உதடு உள்ளிருந்து அழுத்தினால் தண்டோடு ஒட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து காற்று இழுபட்டால் விலகும். அதனால் பிரேக் பிளீட் பண்ணுகிற கை வேக்குவம் பம்பை வைத்து மறுபக்கமும் பாருங்கள். பார்க்கும்போது கிராங்கை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கவேண்டும். நிற்கும்போது கசியாத சீல் அசையும்போது கசியலாம்.

மார்த்தாண்டம் லேத்

சிற்றாறு சொன்ன டெஸ்ட்டில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 66 மி.மீ. சிலிண்டரே கூடாது என்பதுபோல் ஒரு தொனி வந்துவிட்டது, அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கணக்கைப் பாருங்கள். 070-க்கு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 58 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 40 மி.மீ., அதாவது 106 சிசி. 1959-ல் ஸ்டில் கொண்டுவந்த கான்ட்ரா மாடலுக்கும் இதே அளவுதான். 090-க்கு ஸ்ட்ரோக் அதே 40, போர் மட்டும் 66, ஆக 137 சிசி. ஸ்ட்ரோக் மாறாததால்தான் இந்த மாற்றமே சாத்தியமாகிறது. மூன்றடி விட்டமுள்ள அயினித் தடியை நெடுக அறுக்கிறபோது அந்த 31 சிசி கையில் தெரியும். பட்டறைக்கு வருகிற பலகைக்காரர்கள் இப்படி மாற்றி வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

நிபந்தனை ஒன்று உண்டு. கனெக்டிங் ராடின் கீழ்முனையைப் பாருங்கள். ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்தால் அசைவே இருக்கக்கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. மேல் கீழாக ஒரு 'டிக்' கேட்டாலும் அந்தக் கிராங்கில் பெரிய பிஸ்டனை ஏற்றாதீர்கள்.

அருமனை மரவெட்டு

நான் மெஷின் பிரிக்கிறவன் இல்லை, அதை வைத்துப் பிழைக்கிறவன். என் பக்கத்தையும் கேளுங்கள்.

070-க்கு செயின் பிரேக் கிடையாது. பார், அதாவது செயின் ஓடுகிற நீளத் தகடு, அதன் நுனி எங்காவது தட்டி மெஷின் முகத்துக்கு எகிறினால் செயினை நிறுத்த ஒன்றும் இல்லை. பார் இல்லாமலே பத்துக் கிலோ அளவு எடை. ரப்பர் தோட்டச் சரிவில் நின்று வெட்டுவதற்கு அது ஆன மெஷின் இல்லை. தரையில் கிடக்கிற தடியைப் பலகையாக்க, மில் சட்டத்தில் மாட்டி அறுக்க, அதற்கு மட்டும் சரி. 137 சிசி ஆக்கினால் கயிறு திருப்பி அடிக்கிற அடியும் கூடும். கூட வேலை செய்தவர் ஒருவருக்கு விரல் பிசகியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது நம் குமரி மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்தன. ரோட்டைத் திறக்கவே செயின்சா வேண்டியிருந்தது. பரணில் கிடந்தவை எல்லாம் இறங்கின. அளவு பார்க்காமல் ஆயில் ஊற்றி, மங்கிய செயினோடு, இரவு பகலாக ஓட்டினார்கள். ஊருக்கு அன்று அது தேவைப்பட்டது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படி அடிபட்ட மெஷின்கள்தான் பெயின்ட் பூசி "நல்ல ரன்னிங்" என்று விலைக்கு வருகின்றன. சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்து பிஸ்டனைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பிஸ்டன் பக்கவாட்டில் நெடுக்குக் கீறல் இருந்தால் அந்த மெஷின் ஒருமுறை செத்துப் பிழைத்தது.

ஆரியங்காவு பழையவன்

070-ஐ விட்டு நடுத்தர சைஸுக்கு வாருங்கள். வீட்டில் வைத்து மாற்றியமைக்க எனக்குத் தெரிந்து நல்ல மெஷின் பழைய ஹஸ்க்வர்னா 61, 268, 272 குடும்பம். மூன்றுக்கும் ஸ்ட்ரோக் 34 மி.மீ., கிராங்க் கேஸும் ஏறக்குறைய ஒன்றே. போர் 48 என்றால் 61 சிசி, 50 என்றால் 67 சிசி, 52 என்றால் 72 சிசி. புனலூர், அஞ்சல் பக்கம் ரப்பர் வெட்டு காண்ட்ராக்டர்கள் கழித்துவிட்ட 61 கிடைத்தால், சிலிண்டர் செட்டை மட்டும் மாற்றி 272 ஆக்கிவிடலாம். செயின் பிரேக் இருக்கிறது, அதிர்வுக்கு ரப்பர் இருக்கிறது. ஸ்டில் 038-லும் இதே விளையாட்டு உண்டு. அதற்கும் ஸ்ட்ரோக் 34, போர் 48, 50, 52 என்று மூன்று அளவில் வந்தது.

சிலிண்டர் மாற்றும்போது பிஸ்டன் உச்சிக்கும் சிலிண்டர் தலைக்கும் உள்ள இடைவெளியை அளக்காமல் மூடாதீர்கள். 1.5 மி.மீ. சால்டர் கம்பியை பிளக் ஓட்டை வழியாக விட்டு, சிலிண்டர் சுவரைத் தொடுகிற மாதிரி பிடித்து, பிளைவீலைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய முனையை வெர்னியரில் அளங்கள். பிஸ்டனை ராடோடு கோர்க்கிற 'பின்' எந்தத் திசையில் இருக்கிறதோ அதே கோட்டில் இரண்டு பக்கமும் எடுக்கவேண்டும், மற்ற திசையில் எடுத்தால் பிஸ்டன் சாய்ந்து தப்பான அளவு வரும். 0.5 மி.மீ. வந்தால் அருமை. 1 மி.மீ.க்கு மேல் வந்தால் அடி கேஸ்கெட்டை எடுத்துவிட்டு, சூடு தாங்கும் சீலண்டை மெல்லியதாகத் தடவிச் சேர்க்கலாம்.

மார்த்தாண்டம் லேத்

அதில் ஒரு விஷயம் சேர்க்கவேண்டும். கேஸ்கெட்டை எடுத்தால் சிலிண்டர் கீழே இறங்கும், கூடவே சிலிண்டர் சுவரில் உள்ள வாய்களான போர்ட்டுகளும் இறங்கும். எக்ஸாஸ்ட் கொஞ்சம் தாமதமாகத் திறக்கும், இன்டேக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்திருக்கும். கீழ்ச் சுற்றில் இழுவை கூடும், உச்ச வேகம் சற்றுக் குறையும். பலகை அறுப்பவருக்கு அது நல்லது. சின்ன மரக் கிளை கழிக்கிறவருக்கு அவ்வளவு பிடிக்காது. எந்த வேலைக்கு மெஷின் என்று தெரியாமல் 'கம்ப்ரஷன் கூட்டுங்கள்' என்று பட்டறைக்கு வந்து நிற்காதீர்கள்.

டூப்ளிகேட் சிலிண்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாமே மோசம் இல்லை. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டாதீர்கள். போர்ட் விளிம்பில் விரல் விட்டுப் பாருங்கள். பூச்சுப் போட்ட பிறகு மழுக்காமல் விட்ட கூர் இருக்கும். ரிங் அதில் சிக்கினால் உடையும். ஊசிக்கல்லால் அந்த விளிம்பை மட்டும் மெல்ல மழுக்கவேண்டும், பூச்சைச் சுரண்டக்கூடாது. ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் விட்டு வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். கூட வருகிற, பிஸ்டன் பின்னை நகராமல் பிடிக்கிற லாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல லாக் வாங்குங்கள். லாக்கின் திறந்த வாய் நேர் மேலோ நேர் கீழோ பார்க்கவேண்டும், பக்கவாட்டில் அல்ல. பிஸ்டன் மேலே உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம்.

கேள்வி மட்டும்

பழைய சிலிண்டரில் பிஸ்டன் அலுமினியம் ஒட்டிப் போயிருக்கிறது. பாத்ரூம் ஆசிட் போட்டால் சுத்தமாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

சிற்றாறு

சிலிண்டர் எந்தக் காலத்தது என்று தெரியாமல் செய்யாதீர்கள். பூச்சு நிக்கல் சிலிக்கன் கார்பைடு வகை என்றால் ஆசிட் ஒட்டிய அலுமினியத்தைக் கரைக்கும், பூச்சைத் தொடாது. பழைய குரோம் பூச்சு என்றால் அதே ஆசிட் குரோமையும் தின்றுவிடும். அந்த வீடியோக்களில் இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை, எனக்கு அதில் கோபம் உண்டு. குரோமுக்கு காஸ்டிக் சோடாக் கரைசல் பரவாயில்லை. அதுவும் அலுமினியத்தைத்தான் கரைக்கும். பஞ்சுக் குச்சியில் தொட்டு ஒட்டிய இடத்தில் மட்டும் வைக்கவேண்டும், ஏனென்றால் சிலிண்டரின் உடம்பே அலுமினியம். போர்ட்டுக்குள் வழிந்தால் அங்கே அரித்துவிடும். கண்ணாடி, கையுறை, திறந்த வெளி. இரண்டையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள். பொறுமை இருந்தால் நனைத்த எமரி பேப்பரால் தேய்ப்பதே போதும். நகத்தால் சுரண்டினால் தட்டாத அளவுக்கு வந்தால் நிறுத்திவிடலாம். பூச்சு உரிந்து கீழே உலோகம் தெரிந்தால் அந்த சிலிண்டர் முடிந்தது.

ஆறுகாணி ரப்பர்

அண்ணா, டெஸ்ட் செய்தேன். மருந்துக்கடையில் வாங்கிய பந்தும் மீட்டரும்தான். 300-க்கு ஏற்றிவிட்டுக் கையை எடுத்ததும் முள் கண்ணெதிரே இறங்கியது. சோப்புத் தண்ணீர் தடவியதில் பிளைவீல் பக்க சீலைச் சுற்றி நுரை பொங்கி வந்தது. கழற்றிப் பார்த்தால் சீல் பிளாஸ்டிக் மாதிரி கட்டியாகிவிட்டது, உதட்டில் வெடிப்பு. கிளட்ச் பக்கம் நன்றாக இருக்கிறது, என்றாலும் இரண்டையும் மாற்றுகிறேன். ராடில் மேல் கீழ் அசைவு துளியும் இல்லை. பிஸ்டனில் கீறலும் இல்லை.

பாயிண்டையும் கார்புரேட்டரையும் எப்படி விடுவது?

சிற்றாறு

நல்ல சேதி. பிஸ்டன் தப்பியிருக்கிறது.

பழைய சீலை எடுக்கும்போது கிராங்க் தண்டில் கீறல் விழாமல் பாருங்கள், அந்தக் கீறலே அடுத்த கசிவு. புது சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, தண்டின் சாவிக்குழியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் வழுக்கி இறக்குங்கள். சரியான அளவுக் குழாய்த் துண்டை வைத்துச் சமமாக அழுத்தவேண்டும்.

பாயிண்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.4 மி.மீ. முனைகளைச் சுத்தமான காகிதத்தில் தேய்த்து எண்ணெய் இல்லாமல் துடையுங்கள். சூடானபின் எடுக்கவில்லை என்றீர்களே, அதில் கண்டன்சருக்கும் பங்கு இருக்கலாம், மாற்றிவிடுங்கள். எலக்ட்ரானிக் காயிலுக்கே மாறினாலும் நல்லதுதான். காயிலுக்கும் பிளைவீல் காந்தத்துக்கும் நடுவே விசிட்டிங் கார்டு வைத்துப் பிடித்து முறுக்கினால் இடைவெளி சரியாக வரும்.

கார்புரேட்டரில் உள்ள மெல்லிய சவ்வான டயாபிரத்தை விரலால் அழுத்துங்கள். நொறுக்கென்று சத்தம் வந்தால் அது காய்ந்தது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், நம் மழையில் சொல்லவே வேண்டாம். பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். டயாபிரம், பெட்ரோல் ட்யூப் இரண்டும் எத்தனால் தாங்கும் வகையாக வாங்குங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை முன்பைவிட நீர்த்துப்போகும். முழு வேகத்துக்குப் பெட்ரோல் அளவை வைக்கிற ஹெச் ஸ்குரூவைப் பழைய அளவில் விட்டுவிடக்கூடாது, கொஞ்சம் திறக்கவேண்டும்.

ஆரியங்காவு பழையவன்

சைலன்சரை எவரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். வாயைக் கொஞ்சம் பெரிதாக்குவது உண்மையிலேயே பலன் தரும், ஏனென்றால் சூடு சீக்கிரம் வெளியேறும். ஆனால் எக்ஸாஸ்ட் போர்ட்டின் பரப்பைவிடச் சைலன்சர் வாய் சிறிதாகவே இருக்கட்டும், அதற்கு மேல் போனால் சத்தம்தான் மிச்சம். தீப்பொறி தடுக்கும் வலையை எடுக்காதீர்கள். மாசி பங்குனியில் காய்ந்த ரப்பர் சருகுக்கு ஒரு பொறி போதும். திறந்த பிறகு ஹெச் ஸ்குரூவை மறுபடி டியூன் செய்யாமல் ஒரு வெட்டுக்கூட வெட்டக்கூடாது.

டியூனுக்குக் காதுதான். லோடு இல்லாமல் முழு ஆக்ஸிலேட்டரில் 'பொடபொட' என்று ஒரு தடித்த சத்தம் வரவேண்டும். பார் மரத்தில் இறங்கியதும் அது சுத்தமான சத்தமாக மாறவேண்டும். லோடு இல்லாதபோதே சுத்தமாகக் கீச்சிட்டால் கலவை நீர்த்திருக்கிறது, உடனே ஸ்குரூவைத் திறங்கள். புது மெஷின்கள் 13,000 சுற்றைத் தாண்டும். 070 அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் போகும், அதன் பலம் இழுவையில்தான். புதியதன் சத்தத்தை இதில் தேடி ஸ்குரூவை மூடிக்கொண்டே போய்த்தான் பலர் பிஸ்டனைக் கருக்குகிறார்கள்.

ஆறுகாணி ரப்பர்

சீல் இரண்டு, டயாபிரம், ட்யூப், கண்டன்சர் மாற்றியாயிற்று. அழுத்தமும் நிற்கிறது, வேக்குவமும் நிற்கிறது. ஐடில் ஒரே சீராக ஓடுகிறது. சூட்டோடு அணைத்து எடுத்தால் இரண்டாவது இழுப்பில் எடுக்கிறது. பலாத் தடியில் ஒரு நீள வெட்டுப் போட்டுப் பார்த்தேன். 58 மி.மீ. சிலிண்டரே போதும் என்று முடிவு செய்துவிட்டேன். லேத் அண்ணன் கோபிக்க வேண்டாம்.

வெட்டு மெதுவாகத்தான் போகிறது, தூள் மாவு மாதிரி வருகிறது. அது செயினா?

மார்த்தாண்டம் லேத்

எனக்கு என்ன கோபம். நல்ல ராடு, நல்ல பிஸ்டன் இருக்கிற மெஷினை நானும் தொட மாட்டேன். அந்த 58 தேய்கிற அன்று வாருங்கள், அப்போது 66 பேசலாம்.

அருமனை மரவெட்டு

செயின்தான். கடையில் வருகிற .404 செயின் குறுக்கு வெட்டுக்கு 30 டிகிரியில் தீட்டியது. நெடுக அறுக்க 10 டிகிரி வேண்டும். 5.5 மி.மீ. உருண்டை அரம் எடுத்து, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு, எல்லாப் பல்லும் ஒரே நீளம். முன்னால் உள்ள குட்டைப் பல்லின் உயரத்தையும் கேஜ் வைத்துப் பாருங்கள், பல் தேயத் தேய அதையும் இறக்கவேண்டும். அது உயரமாக நின்றால் எத்தனை சிசி இருந்தாலும் மாவுதான் வரும். பலாவில் பால் ஒட்டும், ஒவ்வொரு பலகைக்கும் பிறகு டீசல் தொட்ட துணியால் பாரைத் துடையுங்கள். நீள வெட்டில் மெஷின் நெடுநேரம் முழு லோடில் நிற்கும். அதனால் ஹெச் ஸ்குரூவை குறுக்கு வெட்டுக்கு வைப்பதைவிட ஒரு நூல் கூடவே திறந்து வையுங்கள், வெட்டு முடிந்ததும் உடனே அணைக்காமல் கொஞ்சம் ஐடிலில் விடுங்கள். பார் ஆயில் போகிற ஓட்டை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், டிப்போ மெஷின்களில் அதில் மரத்தூள் கெட்டியாக அடைந்திருக்கும்.